குளியலறைக் கல் தரையில் ஈரத்திட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் பலர் இப்போது ஷவருக்குக் கீழே டைல்ஸ் வேண்டாம், கல்லே போட்டுவிடலாம் என்கிறார்கள். நல்ல ஆசைதான். கல்லில் கால் வைத்தால் வரும் குளிர்ச்சி வேறெதிலும் வராது. ஆனால் குடிபுகுந்து நாலைந்து மாதத்தில் போன் வந்துவிடுகிறது: "கல்லு கறுத்துப் போச்சுங்க, கடையில ஏமாத்திட்டாங்களா?"

கல் பதிக்கும் வேலையில் இருப்பதால் இப்படிப்பட்ட தரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், பிரித்தும் இருக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் கல்மேல் தப்பே இல்லை. கல்லுக்கு அடியில் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நிற்கிறது, கல் அதைக் காட்டிக் கொடுக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நனைஞ்சா கல்லு கறுக்கறது சகஜம்தானுங்களே? எப்பக் கவலைப்படணும்?

சகஜம்தான். கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றில் காற்று இருக்கும்போது வெளிச்சம் பட்டுச் சிதறுகிறது, கல் வெளுப்பாகத் தெரிகிறது. அதே துளைகளில் தண்ணீர் புகுந்தால் சிதறல் குறைந்து வெளிச்சம் உள்ளே போய்விடுகிறது, கல் அடர் நிறமாகத் தெரிகிறது. வேட்டி நனைந்த இடம் மட்டும் நிறம் மாறித் தெரிவதும், மழை பெய்த செம்மண் காடு ரத்தச் சிவப்பாக மாறுவதும் இதனால்தான். காய்ந்தால் பழைய நிறம் வந்துவிடும்.

கணக்கு வைக்க வேண்டியது காயும் நேரத்தைத்தான். காலையில் குளித்த தரை சாயங்காலம், மிஞ்சினால் மறுநாள் காலைக்குள் வெளுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னும் ஒரு நாள் கூட ஆகலாம். இரண்டு நாள் யாரும் குளிக்காமல் விட்டும் அதே இடம் அதே கறுப்பில் இருக்கிறது என்றால், மேலே ஊற்றிய தண்ணீர் காரணமில்லை. கீழிருந்து வருகிறது.

ட்ராப்பை, அதான் தரையில தண்ணி போற வாயை, சுத்தி ஒரு முழத்துக்கு மாசக்கணக்கா கறுப்பாவே இருக்குதுங்க. ஏன்?

என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நல்ல கிரானைட் தன் எடையில் 0.4 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது என்பது அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். தர அளவு. 18 மி.மீ. கனமுள்ள ஒரு சதுர அடி கிரானைட் ஏறக்குறைய நாலரைக் கிலோ இருக்கும். அப்படியென்றால் அது அதிகபட்சம் குடிக்கும் தண்ணீர் 18 மில்லி, ஒரு சின்ன மருந்து மூடி அளவு. அதே ஒரு சதுர அடிக்கு அடியில் இரண்டு அங்குலச் சிமெண்ட் கலவை இருக்கிறது. கலவையின் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம் என்று வைத்தாலும் அதற்குள் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் நிற்கும். கல்லில் இருப்பது 18 மில்லி, அடியில் இருப்பது ஒரு லிட்டர். மேலே காயக் காய, கீழே இருக்கும் லிட்டர் அந்த 18 மில்லியை நிரப்பிக்கொண்டே இருக்கும்.

நம் பக்கத்துக் கட்டடங்களில் இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது: சங்கன் ஸ்லாப். குளியலறைத் தளத்தை முக்கால் அடி, ஒரு அடி பள்ளமாக இறக்கி, குழாய்களை ஓட்டி, பள்ளத்தைச் செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி, அதன்மேல் கலவை போட்டுக் கல் பதிக்கிறோம். ஜாயிண்ட் வழியாக இறங்கும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தொட்டி மாதிரி சேர்கிறது. பள்ளத்தின் அடிமட்டத்தில் வெளியே போக ஒரு குழாய் வைத்திருந்தால் வடிந்துவிடும். வைக்காவிட்டால் எங்கே போகும்?

காங்கேயம் பக்கம் ஒரு வீட்டு மாடிக் குளியலறை. சாம்பல் நிற கிரானைட், பிளேம் பினிஷ் (தீ காட்டிச் சொரசொரப்பாக்கிய மேற்பரப்பு), கல்லும் நல்ல கல். எங்களுக்கு முன்னால் வந்தவர் சீலர் (தண்ணீரும் கறையும் ஊறாமலிருக்கக் கல்லில் அடிக்கும் பூச்சு) இரண்டு தடவை அடித்துவிட்டுப் போயிருந்தார், கறுப்பு இன்னும் பரவியதுதான் மிச்சம். ட்ராப்பை ஒட்டிய ஒரு கல்லை நெம்பி எடுத்தோம். கல்லின் அடிப்பக்கம் வழவழவென்று பாசி. கலவையை விரலால் அழுத்தினால் வாய்க்கால் ஓர மணல் மாதிரி குழிந்து, குழியில் தண்ணீர் ஊறி நின்றது. சாக்கடை வாடை அறை முழுக்க அடித்தது. கலவையை உடைத்து உள்ளே பார்த்தால் செங்கல் ஜல்லிக்கு நடுவே நாலு விரற்கடை தண்ணீர். ட்ராப்பின் கழுத்தைச் சுற்றி சிமெண்டை இறுக்கி அடைத்திருந்தார்கள், ஒரு சொட்டுகூட அந்தப் பக்கம் போக வழியில்லை. அந்த வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாணி வழிக்கறதுக்கே அடி காயோணும். இத்தனை செலவு பண்ணிக் கல்லுப் போட்டு, அடி காயறதுக்கு வழி வெக்கலியே சாமி."

அந்தத் தரையை முழுதாகப் பிரித்தோம். அடிமட்டத்தில் வடிகுழாய் வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு மூன்று வாரம் காயவிட்டோம். ஆடி மாதம் என்பதால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்களுக்குக் கை கொடுத்தது. பிறகுதான் வாட்டர்ப்ரூபிங், வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு), கல் எல்லாம். எடுத்த கற்களில் பாதியைக் கழுவிக் காயவைத்துத் திரும்பவும் அங்கேயே பதித்தோம். வெயிலில் காய்ந்ததும் அவை பழைய சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டன.

ஈரம் மேலிருந்தா, அடியிலிருந்தா? வீட்லயே கண்டுபிடிக்க முடியுங்களா?

முடியும். ஒரு நாள் முழுக்கத் தரையை நனைக்காமல், மின்விசிறி போட்டு மேற்பரப்பை உலரவிடுங்கள். அப்புறம் ஒரு அடிக்கு ஒரு அடி கண்ணாடி மாதிரி பாலிதீன் ஷீட்டைக் கறுத்த இடத்தில் வைத்து, நாலு பக்கமும் டேப் போட்டு இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். ஷீட்டின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர்த்துளி நின்றாலோ, மூடிய இடம் சுற்றியுள்ள கல்லைவிடக் கறுத்திருந்தாலோ, ஈரம் அடியிலிருந்துதான் ஏறுகிறது.

கூடவே குழாய்க் கசிவையும் பார்த்துவிடுங்கள். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் ஏதோ ஒரு குழாய் ஒழுகுகிறது. சரியான இடம் தெரிய பிளம்பரை அழைத்து பிரஷர் பம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுடுதண்ணீர்க் குழாய் ஒழுகியதால் கறுத்த தரைக்கு நாள்கணக்கில் சீலர் அடித்துக்கொண்டிருந்த வீடும் உண்டு.

சொட்டு நீலம் கலந்த தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வெளிர்க் கல்லில் தயவுசெய்து செய்யாதீர்கள், நீலம் கல்லிலேயே தங்கிவிடும்.

சீலர் அடிச்சா சரியாயிடுங்களா?

ஆகாது. ஈரமான தரையில் அடித்தால் கெடுதலும் உண்டு.

சீலரில் இரண்டு ஜாதி. ஒன்று கல்லுக்குள் இறங்கி, துளைச் சுவரில் ஒட்டி, தண்ணீரை ஒட்டவிடாமல் செய்வது. சிலேன், சிலாக்சேன் வகைகள் இதில் சேரும். இவை நீராவியை ஓரளவு வெளியே விடும். இன்னொன்று மேலே படலமாக நின்று பளபளப்புக் கொடுப்பது. இந்த இரண்டாவதை ஷவர் தரையில் அடித்தால் அடியில் இருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் படலத்துக்குக் கீழே வெள்ளையாக மூட்டம் போடும், அப்புறம் செதில் செதிலாக உரியும். காங்கேயத்து வீட்டில் கறுப்பு பரவியதற்கும் இது ஒரு காரணம்.

சீலர் கறை சீக்கிரம் ஊறாமல் காப்பாற்றும். வாட்டர்ப்ரூபிங் வேலையை அது செய்யாது. தரை நன்றாகக் காய்ந்தபின் உள்ளிறங்கும் வகையை அடித்தால் பலன் உண்டு. புதுத் தரை என்றால் குறைந்தது நாலு வாரம் பொறுங்கள்; பதித்தபோது கலவையில் இருந்த தண்ணீரே வெளியேற அவ்வளவு நாள் ஆகும். பழைய சீலர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க, காய்ந்த கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அடியில் கறுத்த வட்டம் இருந்தால் சீலரின் ஆயுள் முடிந்தது.

ஒவ்வொரு கல்லுலயும் அஞ்சு வட்டமாத் திட்டுத் தெரியுதுங்க.

பசையை உருண்டை உருண்டையாக நாலு மூலையிலும் நடுவிலும் வைத்துக் கல்லை ஒட்டியிருக்கிறார்கள். பசை உள்ள இடம் ஒரு மாதிரியும் வெற்றிடத்தில் தண்ணீர் தங்கிய இடம் இன்னொரு மாதிரியும் காய்கிறது. வட்டத்துக்கு வெளியே கட்டை விரல் எலும்பால் தட்டிப் பாருங்கள், 'டொக் டொக்' என்று வெறுஞ்சத்தம் வரும். ஈரமான இடங்களில் கல்லின் அடிப்பக்கம் 95 சதவீதமாவது பசை பட்டிருக்க வேண்டும். இதற்கு மேற்பூச்சில் தீர்வு கிடையாது, கல்லை எடுத்து மறுபடி ஒட்டுவதுதான் வழி.

வெள்ளை மார்பிள் மஞ்சளாகிப் போச்சு. மஞ்சத் தேச்சுக் குளிக்கறதாலயா, இரும்புக் கறையா?

இரண்டும் நடக்கும். கண்டுபிடிக்க எளிய வழி, சோப்புத் தண்ணீரோ துளி சலவைச் சோடாவோ கறையின் ஓரத்தில் வையுங்கள். பூசுமஞ்சள் என்றால் காரம் பட்டதும் குங்குமச் சிவப்பாக மாறும். இரும்புக் கறை அசையாது.

மஞ்சள் கறைக்குக் கவலை வேண்டாம். வெளிச்சத்தில் தானே வெளுக்கும். பிடிவாதமாக நின்றால் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் பஞ்சை நனைத்து வைத்து எடுங்கள்.

இரும்புதான் சிக்கல். மார்பிளிலும் வெளிர் கிரானைட்டிலும் இரும்பு கலந்த கனிமங்கள் துளித்துளியாக இருக்கும். தண்ணீரும் காற்றும் சேர்ந்து மாதக்கணக்கில் பட்டால் துருவாகி, பழுப்பு மஞ்சளாக மேலே ஏறும். மதுரைப் பக்கத்திலிருந்து வரும் காஷ்மீர் ஒயிட் கிரானைட்டில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும் கார்னெட் மணிகளிலும் இரும்பு உண்டு. அழகான கல், வரவேற்பறைக்கு அருமை. ஷவருக்குக் கீழே போட நான் ஒப்புக்கொள்வதில்லை.

அமிலம் இல்லாத துரு நீக்கிக் களிம்பு கல் கடைகளில் கிடைக்கிறது. இரும்போடு சேரும்போது ஊதா நிறம் காட்டும் வகை நல்லது. கறை போகும். ஆனால் அடி ஈரம் நிற்காவிட்டால் அடுத்த வருடம் அதே இடத்தில் வந்து நிற்கும்.

ஜாயிண்ட்ல வெள்ளையா மாவு மாதிரி பூக்குதுங்க.

உப்பு பூத்திருக்கிறது. வெளிச்சுவரில் ஓதம் ஏறிப் பொரிகிறதே, அதே கதைதான். அடியில் நிற்கும் தண்ணீர் சிமெண்டிலுள்ள சுண்ணத்தையும் உப்பையும் கரைத்துக்கொண்டு ஜாயிண்ட் வழியாக மேலே வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு நின்றுவிடும்.

கல்லின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோலப் படிவது வேறு. அது போர் தண்ணீரின் வேலை. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் இந்தப் படிவை அநேகமாகப் பார்க்க முடியாது. ஆயிரம் அடி போர் போட்ட வீட்டில் ஒரே வருடத்தில் கல்லின் நிறமே மங்கும். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்பு கரைந்த தண்ணீர் என்றால், தரையில் ஒரு லிட்டர் தேங்கிக் காயும் ஒவ்வொரு தடவையும் ஒரு கிராம் உப்பு தங்குகிறது. கடினத்தன்மைக்கு ஐ.எஸ்.10500 குடிநீர்த் தர அளவு லிட்டருக்கு 200 மி.கி., வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. உங்கள் போர் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் ஒரு இழுப்பு இழுத்துத் தண்ணீரைத் தள்ளிவிடுவது எந்த மருந்தையும்விடப் பெரிய உதவி. நல்ல தண்ணீரும் வரும் வீடாக இருந்தால் ஷவருக்கு அந்த இணைப்பைக் கொடுத்துவிடுங்கள்.

ஆசிட் ஊத்திக் கழுவலாமுங்களா?

கூடாது. மார்பிள், கடப்பா, கோட்டா எல்லாமே சுண்ணாம்புக் கல் குடும்பம். ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும். கிரானைட் கரையாது, ஆனால் அதிலுள்ள இரும்பை ஆசிட் துருவாக்கிவிடும், ஜாயிண்டை அரித்து இன்னும் தண்ணீர் இறங்க வழி செய்யும். எலுமிச்சை, வினிகர், புளி எதுவும் மார்பிளுக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைக் குளியலறையில் உட்கார்ந்து புளி போட்டுத் துலக்கிய இடம் மட்டும் வட்டமாக மெருகு போயிருப்பதை ஒரு வீட்டில் பார்த்தேன். அதைக் கறை என்று தேய்த்துத் தேய்த்து அவர்களுக்குக் கை வலித்ததுதான் மிச்சம். மெருகு போன இடத்தைத் திரும்பப் பாலிஷ்தான் போட வேண்டும்.

சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்கற வீடுங்க நாங்க. கல்லு தாங்குமா?

தாங்கும், குளித்ததும் கவனித்தால். எண்ணெய் ஊறிய திட்டு தண்ணீர்த் திட்டு மாதிரியே கறுப்பாக இருக்கும், ஆனால் எத்தனை வெயில் பட்டாலும் காயாது. உட்காரும் இடம், பாதம் வைக்கும் இடம் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். டால்கம் பவுடரை அசிட்டோனில் குழைத்துக் கால் அங்குலக் கனத்துக்கு அப்பி, பாலிதீன் போட்டு ஒரு நாள் மூடி, பிறகு திறந்து தானாகக் காயவிட்டு எடுங்கள். எண்ணெயைப் பவுடர் உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மூன்று தடவை தேவைப்படலாம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், கீசரை அணைத்துவிடுங்கள்.

அரப்புத் தூள் போட்டுக் குளிக்கிறவர்களுக்கு இன்னொன்று. அரப்பும் எண்ணெயும் முடியும் சேர்ந்து ட்ராப் ஜாலிக்குக் கீழே பிசின் மாதிரி பிடிக்கும். வாரம் ஒருமுறை ஜாலியைத் தூக்கிக் கழுவுங்கள்.

ஓரமா ரோஸ் கலர்ல வழவழப்பு?

அது பாக்டீரியா, கல்லின் நிறமாற்றம் இல்லை. சோப்பு மிச்சத்தைத் தின்று வளர்கிறது. நடுநிலையான கல் கிளீனரும் பிரஷும் போதும், காற்றோட்டம் இருந்தால் திரும்ப வருவது குறையும்.

ஷவருக்கு எந்தக் கல் வாங்கலாம்?

அடர் நிறமுள்ள, மணி நெருக்கமான கிரானைட் என் முதல் தேர்வு. பாலிஷ் வேண்டாம், வழுக்கும். பிளேம் அல்லது லெதர் பினிஷ் எடுங்கள். மார்பிள் தண்ணீர் குடிப்பது கிரானைட்டைவிடக் குறைவு, தர அளவு 0.2 சதவீதம்தான். ஆனால் வெள்ளை மார்பிளுக்குள் வெளிச்சம் ஊடுருவுவதால் அடியில் நடக்கும் எல்லாம் மேலே தெரியும். சாம்பல் சிமெண்ட் போட்டுப் பதித்தாலே நிழலடிக்கும், அதற்கு வெள்ளைப் பசைதான். உதய்ப்பூர்ப் பச்சை மார்பிள் தண்ணீர் கலந்த பசையில் பதித்தால் கோணலாக வளைந்துவிடும், எபாக்சிப் பசை வேண்டும். முதுகில் வலை ஒட்டிய மார்பிள் பலகைகளை ஈரமான இடத்துக்கு எடுக்காதீர்கள். மணற்கல் வேண்டவே வேண்டாம்.

புதுசாப் போடறப்ப மேஸ்திரிகிட்ட என்னென்ன கேக்கணும்?

சங்கன் பள்ளத்தின் அடியிலிருந்து தண்ணீர் வெளியே போகக் குழாய் எங்கே என்று முதலில் கேளுங்கள். கையால் காட்டச் சொல்லுங்கள். வாட்டம் கல்லில் மட்டும் இருந்தால் போதாது. கல்லுக்கு அடியில் வாட்டர்ப்ரூபிங் அடிக்கும் தளத்திலேயே ட்ராப்பை நோக்கி வாட்டம் இருக்க வேண்டும், ஒரு மீட்டருக்கு இரண்டு செ.மீ. வீதம். மட்டமான தளத்தில் வாட்டர்ப்ரூபிங் அடித்து, மேலே கலவையில் மட்டும் வாட்டம் கொடுத்தால், இறங்கிய தண்ணீர் அந்தப் பூச்சின் மேல் குளமாக நிற்கும். சுவரில் ஒரு அடியாவது, ஷவர் பக்கம் தலைக்கு மேல் வரையும் பூச்சு ஏற வேண்டும். ட்ராப்பை அடைத்து, தண்ணீர் நிரப்பி, இரண்டு மூன்று நாள் விட்டுக் கீழ்த்தளத்தில் கசிவு பார்க்காமல் கல்லைத் தொடவிடாதீர்கள். ட்ராப் கழுத்தைச் சுற்றி சிமெண்டால் அடைக்காமல் சின்ன ஜல்லி போட்டு, கலவைக்குள் இறங்கும் தண்ணீர் ட்ராப்புக்குள் போக ஓட்டை விடச் சொல்லுங்கள். இதைச் சொன்னால் 'இதெல்லாம் எதுக்குங்க' என்பார்கள். நின்று செய்ய வையுங்கள்.

அப்பத்தா வீட்ல பொடக்காலியில (கொல்லைப்புறத்துல) பட்டியக்கல்லு மேலதான் அம்பது வருஷம் குளிச்சாங்க. அது ஏன் கறுக்கலை?

அந்தக் கல் மணல்மேல் கிடந்தது. தண்ணீர் சந்து வழியாக இறங்கி மண்ணுக்குப் போனது, மிச்சம் சலதாரை வழியாக வாழைக்கும் தென்னைக்கும் போனது. மேலே கூரை இல்லை, வெயிலும் காற்றும் நேராகப் பட்டன. கல்லுக்கு மேலும் கீழும் காயும் வழி இருந்தது. அதே கல்லை மாடியில், நாலு சுவருக்குள், தண்ணீர் இறங்காத கான்கிரீட் தொட்டியின் மேல் போடுகிறோம். அங்கே மண் செய்த வேலையை இங்கே அந்த வடிகுழாயும் வாட்டமும்தான் செய்ய வேண்டும்.

கறுத்த ஒரே ஒரு கல்லை மட்டும் மாத்தலாமுங்களா?

எண்ணெய்க் கறையோ உடைசலோ என்றால் மாற்றலாம். அடி ஈரத்தால் கறுத்தது என்றால் புதுக் கல்லும் அதே மாதிரி கறுக்கும், காசுதான் வீண். அதனால் முதலில் பாலிதீன் ஷீட் சோதனை. மாற்றுவதாக இருந்தால் அதே பலகையிலிருந்து வந்த கல் வேண்டும், வேறு லாட்டில் நிறம் சேராது. வேலை முடியும்போது நாலைந்து கல்லை மிச்சம் வாங்கி, பின்னால் லாட் நம்பரை எழுதி, மாடிப்படிக்கு அடியில் நிற்க வைத்துவிடுங்கள்.